இலங்கையிற் பழைய மோட்டார்க் கார்கள்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஒரு சமுதாயம் தன் பழம் பொருள்களுள் எவற்றைப் பேணுகின்றது, எவற்றைக் கைவிடுகின்றது என்பது அச்சமுதாயத்தின் இயல்பை அறிவதற்கு ஓர் உரைகல்லாகும். சாசனமும் நாணயமும் ஏடும் கோயிலும் வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்ளப்படுவது போல, இயந்திர யுகத்தின் பொருள்கள் அத்தகு மதிப்பை எளிதிற் பெறுவதில்லை. அவை பயன்பாடு தீர்ந்ததும் இரும்புக் கடைக்குச் செல்வனவாகவே கருதப்படுகின்றன. இப்பொது விதிக்கு விலக்காக அமைந்த பொருள்களுள் மோட்டார்க் கார் முதன்மையானது. உலகெங்கும் பழைய கார்களைத் தேடிப் பெறுவோரும், திருத்திப் பேணுவோரும், அணிவகுத்து ஓட்டுவோரும் உளர். இலங்கையிலும் இவ்வார்வம் வேரூன்றியுள்ளது. எனினும், இலங்கையிற் பழைய கார் நிலைத்தமைக்கான காரணமும் மேனாடுகளில் அது நிலைத்தமைக்கான காரணமும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேனாட்டிற் பழங்கார் ஆர்வம்

1886ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தமது மூன்று சக்கர வாகனத்துக்கு உரிமம் கோரி விண்ணப்பித்தமையே மோட்டார்க் காரின் பிறப்பாகப் பொதுவில் எடுத்துக்கொள்ளப்படுகின்றது. அடுத்த இருபது ஆண்டுகள் வரை கார் செல்வந்தரின் விளையாட்டுப் பொருளாகவே இருந்தது. 1908இல் ஹென்றி போர்ட் அறிமுகப்படுத்திய 'மொடல் ரி' கார் இந்நிலையை மாற்றிற்று. 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட 'மொடல் ரி' கார்கள் உற்பத்தியாயின. பொருள் பெருகியதும் அதன் பழமை வேகமாயிற்று. ஆண்டுதோறும் புதிய வடிவங்கள் சந்தைக்கு வந்தமையால், முந்தைய ஆண்டின் கார் மறு ஆண்டிலேயே பழையதாயிற்று.

இவ்வேகத்துக்கு எதிரான உணர்வாகவே பழங்கார் ஆர்வம் தோன்றியது எனலாம். 1896இல் இங்கிலாந்தில் வாகனங்களின் வேகக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டபோது இலண்டனிலிருந்து பிறைற்றன் வரை ஓர் ஊர்வலம் நடைபெற்றது. அதனை நினைவுகூர்ந்து 1927இல் மீண்டும் ஓர் ஓட்டம் நடத்தப்பட்டது. 1905ஆம் ஆண்டுக்கு முற்பட்ட கார்களே கலந்துகொள்ளும் விழாவாக அது இன்றும் தொடர்கின்றது. 1930இல் முதுபழங்கார்க் கழகமும், 1934இல் 'வின்ரேஜ்' விளையாட்டுக் கார்க் கழகமும் அங்கு தோன்றின. கார்களைக் காலவாரியாகப் பிரித்துப் பெயரிடும் வழக்கமும் இக்கழகங்களாலேயே நிலைபெற்றது. முதல் உலகப் போர் முடிந்தது முதல் 1930 வரை செய்யப்பட்டவை 'வின்ரேஜ்' எனப்பட்டன. பிற்காலத்தவை 'கிளாசிக்' எனும் பெயர் பெற்றன. இன்று முப்பது ஆண்டுகள் கடந்த வாகனமே பழம்பெரும் வாகனம் என்பது 1966இல் நிறுவப்பட்ட சர்வதேசக் கூட்டமைப்பின் வரையறையின் முதற் கூறாகும்.

மேனாட்டு ஆர்வத்தின் மறுபக்கம் பணமாகும். 2022 மே மாதத்தில் 1955ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் பென்ஸ் கார் ஒன்று பதின்மூன்றரைக் கோடி யூரோவுக்கு ஏலம் போயிற்று. இங்கு காரின் மதிப்பை நிருணயிப்பது அதன் பயன் அன்று, அதன் அருமையாகும். ஓட்டப்படாத கார் ஓட்டப்பட்ட காரைவிட விலை மிகுந்தது என்னும் முரண்பாடும் இதனாலேயே எழுகின்றது.

மலைப் பாதையும் மோட்டாரும்

இலங்கையில் மோட்டாரின் வரலாற்றை மலைநாட்டுப் பாதைகளின் வரலாற்றினின்றும் பிரித்து நோக்குதல் இயலாது. கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் பெருந்தெரு 1820களில் ஆளுநர் எட்வேர்ட் பார்ண்சின் ஆட்சியில் அமைக்கப்பட்டது. கடுகண்ணாவைக் கணவாயிற் குன்றைக் குடைந்தும் பாறையைப் பிளந்தும் பாதை செய்த பொறியியலாளர் கப்டன் டோசனின் நினைவாக ஒரு கோபுரம் அங்கு நிற்கின்றது. இராசகாரியம் என்னும் கட்டாய உழைப்பின் பேரில் மண் சுமந்த குடிமக்களுக்கோ கோபுரம் எதுவும் இல்லை. அதன் பின்னர் கோப்பித் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் பரவிய காலத்தில், தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரின் உழைப்பு மலைநாட்டுப் பாதைகள் பலவற்றை உருவாக்கிற்று. பேராதனையிலிருந்து கம்பளை, நாவலப்பிட்டி, அற்றன் என விரியும் தெருக்களில் மோட்டார் ஏறுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே அவற்றின் அடித்தளம் இடப்பட்டுவிட்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கார் இலங்கைக்கு வந்தது. 1904இலேயே இலங்கை மோட்டார்ச் சங்கம் அமைக்கப்பட்டமை, கார் வைத்திருந்தோர் ஒரு வகுப்பினராகத் திரண்டு வந்தமையைக் காட்டும். ஐரோப்பியத் தோட்டத் துரைமாரும், உயர் அதிகாரிகளும், சுதேச நிலவுடைமையாளரும், வழக்கறிஞர்களும் இவ்வகுப்பினர் ஆவர். 1934இல் நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி தொடங்கிற்று. தேயிலை மலையினூடே வளைந்து செல்லும் தெருவில் துரைமார் காரோட்டிப் பொழுதுபோக்கிய அவ்வேளையில், தொழிலாளருக்கு அத்தெரு கால்நடைப் பாதையாகவே இருந்தது. இலங்கையில் மோட்டார்க் காரின் முதற் கட்டம் இவ்வாறு வர்க்க வேறுபாட்டின் கண்கூடான சின்னமாக விளங்கிற்று.

இக்கட்டத்துக்குரிய ஒரு கார் குறிப்பிடத்தக்கது. 1940இல் பிரித்தானியக் கடற்படையின் இளம் அதிகாரியாக இலங்கையிற் பணியாற்றிய பிலிப், பிற்காலத்தில் எடின்பரோக் கோமகனானவர், 1935ஆம் ஆண்டின் 'ஸ்ராண்டேட் நைன்' கார் ஒன்றைப் பன்னிரண்டு பவுணுக்கு வாங்கினார். அக்கார் பின்னர் கொழும்பு காலிமுகத்திடல் விடுதியிற் காட்சிப் பொருளாயிற்று. 1954 ஏப்பிரல் 20ஆம் நாள் பேராதனையில் இலங்கைப் பல்கலைக்கழகத்தைச் சம்பிரதாயபூர்வமாகத் திறந்துவைத்தவரும் அவரே. அக்காரின் மதிப்பு அதன் இயந்திரத்தில் இல்லை. உடையவரின் பெயரிலேயே உள்ளது. ஆயின் இலங்கையிற் பேணப்பட்ட மிகப் பெரும்பாலான பழைய கார்களுக்கு அத்தகைய பெயர் எதுவும் இல்லை. அவை தப்பிய கதையே இக்கட்டுரையின் மையமாகும்.

இறக்குமதிக் கட்டுப்பாடும் காரின் நீண்ட ஆயுளும்

சுதந்திரத்துக்குப் பின்னான முதற் பத்தாண்டில் இலங்கையின் அந்நியச் செலாவணி நிலை செழிப்பாயிருந்தது. கொரியப் போர்க் காலத்தில் றப்பரின் விலையும், 1950களின் நடுப்பகுதியில் தேயிலையின் விலையும் உயர்ந்தன. இவ்வளத்தின் ஒரு பகுதி பிரித்தானியக் கார்களாக நாட்டுக்குள் வந்தது. ஆசிரியரும், மருத்துவரும், எழுதுவினைஞரும், சிறு வணிகரும் காரின் உடைமையாளராகத் தொடங்கிய காலம் இதுவே.

அவ்வாறு வந்தவற்றுள் மொறிஸ் மைனர் தலையாயது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இக்கார் 1948இல் இலண்டனில் அறிமுகமாயிற்று. தொடக்கத்தில் 918 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய பழைய வகை இயந்திரம் அதிற் பொருத்தப்பட்டிருந்தது. 1952இல் ஒஸ்ரின் நிறுவனமும் மொறிஸ் கார்களைச் செய்த நஃபீல்ட் நிறுவனமும் இணைந்து பிரித்தானிய மோட்டார்க் கூட்டுத்தாபனம் ஆகியதும், ஒஸ்ரினின் 'ஏ' வரிசை இயந்திரம் மைனருக்குப் பொருத்தப்பட்டது. 1956இல் அதன் கொள்ளளவு 948 ஆகவும், 1962இல் 1098 ஆகவும் உயர்ந்தது. 1971இல் உற்பத்தி முடிவுறும்வரை ஏறத்தாழ பதினாறு இலட்சம் மைனர்கள் செய்யப்பட்டன. பத்து இலட்சத்தைத் தாண்டிய முதற் பிரித்தானியக் காரும் இதுவே.

மேற்கூறிய நிறுவன இணைப்பு, இலங்கையைப் பொறுத்தவரை எதிர்பாராத ஒரு பயனை விளைவித்தது. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ 35, பின்னாளில் வந்த ஏ 40 பரினா ஆகியன ஒரே குடும்ப இயந்திரத்தைக் கொண்டிருந்தன. ஒஸ்ரின் கேம்பிறிச், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் ஆகிய பெரிய கார்கள் 'பி' வரிசை இயந்திரத்தைப் பகிர்ந்துகொண்டன. எனவே கைவிடப்பட்ட ஒரு காரின் உறுப்பு வேறொரு பெயருடைய காருக்கு உயிர் கொடுக்கும் வாய்ப்பு இருந்தது. அயல்நாடான இந்தியாவில் மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டின் மூன்றாம் வரிசையே 'அம்பாசடர்' என்னும் பெயரில் 2014 வரை உற்பத்தி செய்யப்பட்டமையும் இவ்விடத்திற் கருதத்தக்கது.

1960களின் தொடக்கத்தில் நிலைமை மாறிற்று. ஏற்றுமதிப் பொருள்களின் விலை தாழ, இறக்குமதிப் பொருள்களின் விலை ஏற, செலாவணி இருப்புக் கரைந்தது. காரின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரை இக்கட்டுப்பாடு மேலும் இறுகிற்று. 1973இன் எண்ணெய் விலையேற்றம் அதனோடு சேர்ந்துகொண்டது. மேனாட்டிற் பத்தாண்டில் இரும்பாகியிருக்கக்கூடிய கார் இங்கு இருபது, முப்பது ஆண்டுகள் ஓடவேண்டியதாயிற்று.

ஓடவைத்தவர் யாவர்? உதிரிப்பாகம் கிடையாத நாட்டில் அதனைச் செய்துகொள்ளும் திறன் கராச்சுகளிற் பிறந்தது. தேய்ந்த சிலிண்டரை மீளக் கடைந்து அளவிற் பெரிய பிஸ்ரனைப் பொருத்துதல், உடைந்த உலோகப் பாகத்தை வார்த்துக் கடைச்சல் இயந்திரத்திற் செப்பனிடுதல், துருவேறிய அடித்தட்டைத் தகரம் வெட்டி ஒட்டுதல், வேறொரு வாகனத்தின் உறுப்பை அரத்தால் தேய்த்து இசைவித்தல் ஆகியவை அன்றாடத் தொழிலாயின. இத்தொழிலைக் கற்றவர் கல்லூரியிற் கற்றவர் அல்லர். சிறுவயதில் எண்ணெய்க் கறையோடு பட்டறையிற் சேர்ந்து, மூத்தோரின் கையைப் பார்த்துக் கற்றவர்கள். இயந்திரம் எழுப்பும் ஒலியைக் கேட்டே நோயை அறியும் அவர்களது ஆற்றல் நாட்டு வைத்தியர் நாடி பார்க்கும் ஆற்றலை ஒத்தது. இலங்கையின் பழைய கார், பிரித்தானியத் தொழிற்சாலையில் ஒருமுறையும், இலங்கைப் பட்டறைகளிற் பலமுறையும் செய்யப்பட்ட பொருளாகும்.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் யப்பானியக் கார்கள் பெருகின. வசதி படைத்தோர் மைனரையும் கேம்பிறிச்சையும் கைவிட்டனர். அவை வாடகைக் கார்த் தரிப்பிடங்களுக்கும் சிற்றூர்களுக்கும் இடம் பெயர்ந்தன. ஒரு காலத்தில் உயர்வின் அடையாளமாயிருந்த கார் உழைப்பாளியின் கருவியாகிய கட்டம் இது.

இலக்கத் தகடு கூறும் வரலாறு

பழைய காரின் உடலில் அரசியல் வரலாறும் எழுதப்பட்டுள்ளது. சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் பதிவான கார்கள் ஆங்கில எழுத்துகளைத் தாங்கின. 'சிலோன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை இணைத்து 'சீ.என்.', 'ஈ.எல்.', 'ஈ.வை.', 'ஈ.என்.' என இலக்கத் தகடுகள் அமைந்தன. பின்னர் இவற்றினிடத்திற் சிங்கள எழுத்திலான 'ஸ்ரீ' புகுத்தப்பட்டது. 1958 ஜனவரியிற் பேருந்துச் சேவை தேசியமயமானதைத் தொடர்ந்து, இவ்வெழுத்துடன் கூடிய பேருந்துகள் வடக்குக்கு வந்தபோது தமிழரசுக் கட்சி எதிர்ப்பியக்கம் நடத்திற்று. சிங்கள எழுத்தினிடத்திற் தமிழ் 'ஸ்ரீ' எழுதப்பட்டது. தெற்கிற் தமிழ் எழுத்துகளுக்குத் தார் பூசப்பட்டது. மலைநாட்டிற் பொகவந்தலாவையிற் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குத் தோட்டத் தொழிலாளர் பலியாயினர். ஏப்பிரல் மாதத்திற் பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் இனக்கலவரம் மூண்டது.

இன்று பழங்கார்ச் சேகரிப்பாளர் ஆங்கில எழுத்துத் தகட்டை விரும்பித் தேடுகின்றனர்; அது காரின் முதுமைக்குச் சான்று என்பதே காரணம். அடுத்து வந்த எழுத்தின் பொருட்டு மனித உயிர்கள் மாய்ந்தன என்பதும் அத்தகட்டோடு சேர்ந்தே நினைக்கப்படவேண்டியதாகும்.

மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

பழைய கார்களின் வரலாற்றில் உலகில் வேறெங்கும் எளிதிற் காணவியலாத அத்தியாயம் யாழ்ப்பாணத்திற்கு உரியது. 1990 யூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டபின், வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோல், பற்றறி, உதிரிப்பாகம் முதலியன தடைப்பட்டன, மின்சாரமும் அற்றுப்போயிற்று. கள்ளத்தனமாகக் கிடைத்த பெற்றோலின் விலை சாதாரண மக்களின் எட்டாத உயரத்தில் இருந்தது. இந்நிலையில் மொறிஸ் மைனரும், ஒஸ்ரின் ஏ 40உம், கேம்பிறிச்சும் மண்ணெண்ணெயில் ஓடின.

இதன் தொழில்நுட்ப அடிப்படை விளக்கத்தக்கது. மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் எளிதில் ஆவியாவதில்லை; ஆதலால் குளிர்ந்த இயந்திரத்தை அதனால் இயக்கத் தொடங்க முடியாது. அன்றியும், அழுத்தம் மிகுந்த இயந்திரத்தில் அது காலந்தப்பி வெடித்து உறுப்புகளைச் சிதைக்கும். 1950களின் பிரித்தானியக் கார்கள் தாழ்ந்த தரப் பெற்றோலுக்கு ஏற்பச் செய்யப்பட்டவை. அவற்றின் அழுத்த விகிதம் ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று என்ற அளவில் இருந்தது. எனவே அவை மண்ணெண்ணெயைப் பொறுத்துக்கொண்டன. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தைத் தொடக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதே கைக்கொண்ட முறையாகும். மேனாட்டு உழவு இயந்திரங்களில் இதே தத்துவம் தொழிற்சாலையிலேயே கையாளப்பட்டதுண்டு. ஆயின் அவற்றில் எரிபொருளைச் சூடாக்கி ஆவியாக்கும் அமைப்புத் தனியாக இருந்தது. யாழ்ப்பாணத்திற் தெருவோரப் பட்டறையும் சிறு போத்தலும் அவ்வமைப்பின் இடத்தை நிரப்பின.

இதற்கு விலையும் இருந்தது. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் இயந்திர எண்ணெயுடன் கலந்து அதனை நீர்ப்பித்தது; உறுப்புகள் விரைவில் தேய்ந்தன; கரும்புகையும் நெடியும் தெருவை நிறைத்தன. எனினும் நோயாளரும் கர்ப்பிணிகளும் மருத்துவமனையை அடைந்தமைக்கும், இடம்பெயர்ந்தோர் முதியோரை ஏற்றிச் சென்றமைக்கும் இக்கார்கள் துணைநின்றன. புதிய யப்பானியக் கார் செய்யவியலாத பணியை நாற்பது வயதான ஒஸ்ரின் செய்தது. எளிமையான இயந்திரம் இடர்க்காலத்தில் மனிதனுக்கு அடங்கும் என்னும் உண்மை இங்கு நிறுவப்பட்டது.

எது மூலம்?

2002இல் யுத்த நிறுத்தத்தைத் தொடர்ந்து ஏ 9 பாதை திறக்கப்பட்டபோதும், 2009இல் போர் முடிந்த பின்னரும், வடக்கின் பழைய வாகனங்களைத் தேடி வாங்குவோர் தெற்கிலிருந்து சென்றனர். மக்களின் வறுமையாற் பேணப்பட்ட பொருள் செல்வரின் சேகரிப்புப் பொருளாக மாறலாயிற்று. இம்மாற்றம் முற்றிலும் தீயதன்று. இரும்புக் கடைக்குச் செல்லவிருந்த கார்கள் பல இதனாற் பிழைத்தன. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரிலுள்ள மொறிஸ் மைனர் நிலையத்தின் முயற்சியால் இலங்கையின் தென்பகுதியில் மைனரின் உடற்பாகங்கள் செய்யப்பட்டுப் பிரித்தானியாவுக்கே அனுப்பப்பட்டமை, இந்நாட்டுத் தொழிலாளரின் கைத்திறனுக்குக் கிடைத்த அங்கீகாரம் ஆகும்.

ஆயின் சேகரிப்பாளரின் நோக்கிற் பழைய காரின் சிறப்பு அதன் 'மூலநிலை' ஆகும். தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் இருந்தவாறே அது மீள அமைக்கப்படவேண்டும் என்பர். அதன்படி, பட்டறையில் ஒட்டிய தகரம் களையப்படும். உள்நாட்டில் வார்த்த பாகம் வீசப்படும். மண்ணெண்ணெய்க்காகச் செய்த மாற்றம் அழிக்கப்படும். குரோம் பூச்சு மின்னும். கிடைப்பது 1955ஆம் ஆண்டின் பிரித்தானியக் கார். அழிவது அதற்குப் பின்னான அறுபது ஆண்டு இலங்கை வரலாறு.

சர்வதேசப் பழம்பெரும் வாகனக் கூட்டமைப்பு 2012இல் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனம் இவ்விடத்தில் வழிகாட்டுவதாகும். வாகனம் வழமையான பாவனையில் இருந்த காலத்திற் செய்யப்பட்ட மாற்றங்கள் அதன் வரலாற்றுக்குச் சான்று பகர்வன. ஆதலால் அவை பேணப்படல் வேண்டும் என அச்சாசனம் கூறுகின்றது. பழைய கோயிலிற் பிற்காலத்தார் சேர்த்த மண்டபத்தை இடித்தெறியும் தொல்லியலாளரை எவரும் பாராட்டார். காருக்கும் அந்நீதியே பொருந்தும். அரும்பொருட் சாலை ஒன்றில், மண்ணெண்ணெய்க் கறையோடும், சிறு போத்தலோடும், ஒட்டுத் தகரத்தோடும் ஓர் ஏ 40 கார் வைக்கப்படுமாயின், பளிங்கெனத் துலக்கிய பத்துக் கார்கள் கூறாத வரலாற்றை அது கூறும். கிரிபத்கும்புறையிற் பெருந்தெருக்கள் அருங்காட்சியகத்தில் நிற்கும் பழைய நீராவி உருளைகள், உழைப்பின் கருவியும் பேணத்தக்கதே என்பதை ஏற்கெனவே உணர்த்துகின்றன.

முடிவுரை

பழைய கார் மனிதரைக் கவர்வதற்குக் காரணங்கள் பல கூறப்படுவதுண்டு. வளைந்த வடிவத்தின் அழகு, இளமைக் காலத்தின் நினைவு, அருமையால் வரும் விலை என்பன அவற்றுட் சில. இலங்கையின் அனுபவம் இவற்றினும் ஆழமான ஒரு காரணத்தைக் காட்டுகின்றது. பழைய கார் மனித அறிவுக்கு எட்டும் பொருள். அதன் மூடியைத் திறந்தால் எது எதனை இயக்குகிறது என்பதைக் கண்ணாற் காணலாம். பழுதுற்றாற் கையால் திருத்தலாம். உடையவனுக்கும் தொழிலாளிக்கும் இயந்திரத்துக்குமிடையே ஒரு நேரடி உறவு அங்கு நிலவுகின்றது.

இவ்வறிவின் பயன் கடந்த காலத்தோடு முடிந்துவிடவும் இல்லை. 2020 மார்ச்சில் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கான தடை 2025 பெப்ரவரியிலேயே நீங்கிற்று. இடையில் 2022இல் எரிபொருளின்றி நாடு முழுவதும் வரிசையில் நின்றது. 1960களின் பாடத்தை அறுபது ஆண்டின் பின் நாடு மீண்டும் படித்தது. அன்று பாடத்தைக் கடக்க உதவிய பட்டறைக் கைகள் இன்று முதுமையடைந்துள்ளன. அவர்களின் அறிவு நூலில் எழுதப்படவில்லை; பலருக்கு மாணாக்கரும் இல்லை.

எனவே பழைய கார்களைப் பேணுவோர், காரோடு அதனை வாழவைத்த தொழிலறிவையும் பேணுதல் கடனாகும். திருத்துநர்களின் அனுபவங்களைக் கேட்டு எழுதிவைத்தல், அவர்களது கருவிகளையும் அச்சுவார்ப்புகளையும் சேகரித்தல், மாற்றம் பெற்ற கார்களை மாற்றத்தோடே காத்தல் ஆகிய பணிகள் வரலாற்று மாணவரை எதிர்நோக்கி நிற்கின்றன. கடுகண்ணாவைத் தெருவை வெட்டியவர்களின் பெயர்கள் எழுதப்படாது மறைந்தன. அத்தெருவிற் கார்களை அரை நூற்றாண்டு ஓடவைத்தவர்களின் பெயர்களை எழுதுவதற்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை.